வீட்டில் செய்த எச்.ஐ.வி. டெஸ்ட்: கோடு மங்கலாகத் தெரிந்தால், தெரியாமலே போனால் என்ன செய்வது?

கிட் மேசைமேல் இருக்கிறது. இரண்டாவது கோடு இருக்கிற மாதிரியும் இருக்கிறது, இல்லாத மாதிரியும் இருக்கிறது. இந்த நிலையில் முதலில் மணியைப் பாருங்கள். சாம்பிள் போட்ட நேரம், இப்போதைய நேரம் இரண்டையும் எழுதி வையுங்கள். கிட்டை அசைக்காமல் நேர் மேலிருந்து ஒரு போட்டோ எடுங்கள். அப்புறம் மீதியைப் படிக்கலாம். நேரம் தெரிந்தால் பல குழப்பங்கள் அங்கேயே தீர்ந்துவிடும். தெரியாவிட்டால் எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் தீராது.

அதோடு ஒன்றை மனதில் வையுங்கள். வீட்டு டெஸ்டில் என்ன தெரிந்தாலும் அதை வைத்து யாருக்கும் எச்.ஐ.வி. இருக்கிறது என்று எந்த டாக்டரும் முடிவு செய்ய மாட்டார். உலக சுகாதார நிறுவனம் 2016-ல் வீட்டுப் பரிசோதனையைப் பரிந்துரைத்தபோதே, அதை மேற்கொண்டு பரிசோதனை வேண்டுமா என்று பிரித்துக் காட்டும் முதல் படியாகத்தான் வைத்தது.

முதலில் 'சி' கோட்டைப் பாருங்கள்

எல்லோர் கண்ணும் முதலில் முடிவைக் காட்டும் 'டி' (டெஸ்ட்) கோட்டுப் பக்கம்தான் போகும். ஆனால் தொடங்க வேண்டிய இடம் 'சி'. கட்டுப்பாட்டுக் கோடு என்பார்கள். அது வரவில்லை என்றால் டெஸ்ட் வேலை செய்யவில்லை, அவ்வளவுதான். 'சி' இல்லாமல் 'டி' மட்டும் பளிச்சென்று வந்தாலும் அதைப் பாசிட்டிவ் என்றும் சொல்ல முடியாது, நெகட்டிவ் என்றும் சொல்ல முடியாது.

உள்ளே நடப்பது இதுதான். நீங்கள் போட்ட சாம்பிளும் திரவமும், விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல அந்த வெள்ளைப் பட்டையில் ஏறுகின்றன. கூடவே கண்ணுக்குத் தெரியாத நிறத்துகள்களும் போகின்றன. பல கிட்களில் இவை தங்கத் துகள்கள். சேரும் இடத்தில் இளஞ்சிவப்பாகத் தெரியும். 'டி' இடத்தில் எச்.ஐ.வி.யின் புரதத் துண்டுகளை ஒட்டிவைத்திருப்பார்கள். உங்கள் உடலில் எச்.ஐ.வி.க்கு எதிரான ஆன்டிபாடி இருந்தால் அது அங்கே மாட்டிக்கொள்ளும், நிறமும் சேரும், கோடு தெரியும். கிட் தேடுவது கிருமியை இல்லை, கிருமிக்கு எதிராக உடல் உண்டாக்கிய ஆன்டிபாடியைத்தான். அதனால்தான் ஈறைத் துடைத்தே பரிசோதிக்க முடிகிறது. வாயிலிருந்து ஆன்டிபாடி கிடைக்கிறது என்பதால் எச்சிலில் எச்.ஐ.வி. பரவும் என்று யாரும் அர்த்தம் பண்ணிக்கொள்ள வேண்டாம்.

இதில் பலருக்கும் தெரியாத ஒரு நுணுக்கம் உண்டு. ஓராகுயிக் (ஈறைத் துடைத்துச் செய்வது), இன்ஸ்டி (விரல் ரத்தத்தில் செய்வது) போன்ற கிட்களில் மனித ஆன்டிபாடி வந்து சேர்ந்தால்தான் கட்டுப்பாட்டுக் குறி தோன்றும். சாம்பிள் போதவில்லை என்றால் அந்தக் குறியே காட்டிக்கொடுத்துவிடும். வேறு சில கிட்களில் திரவம் ஒழுங்காக ஏறினாலே 'சி' வந்துவிடும், ரத்தமே போடாமல் திரவம் மட்டும் விட்டாலும் வரும். ஆகவே, ரத்தச் சொட்டு சரியாக விழுந்ததா என்ற சந்தேகம் இருந்தால், 'சி' வந்துவிட்டது என்பதை வைத்து மட்டும் நெகட்டிவ் என்று நிம்மதி அடைய வேண்டாம்.

'சி' வராமல் போவதற்குக் காரணங்கள் பெரும்பாலும் சாதாரணமானவை. ரத்தம் போதவில்லை, திரவம் சிந்திவிட்டது, கிட்டைச் சாய்த்து வைத்தோம், உறையை முன்கூட்டியே பிரித்து ஈரக்காற்றில் விட்டோம், காலாவதி ஆகிவிட்டது, இப்படி. நம் ஊரில் வெயிலையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். பல கிட்களை 30 டிகிரிக்குள் வைக்கச் சொல்லி அட்டையில் போட்டிருக்கும். சித்திரை வெயிலில் கூரியர் வண்டியிலும், பைக் டிக்கியிலும் கிடந்த கிட் எவ்வளவு சூடு தாங்கியது என்று யாருக்கும் தெரியாது.

இப்படிச் செல்லாமல் போனால் புதிய கிட்டில் ஒரு முறை செய்து பார்க்கலாம், வேறு பேட்ச் எண் என்றால் நல்லது. அதுவும் போனால் மூன்றாவது கிட்டுக்குப் பணம் செலவழிக்க வேண்டாம். நேராகப் பரிசோதனை மையத்துக்குப் போய்விடுங்கள்.

அடுத்தது கடிகாரம்

ஒவ்வொரு கிட்டுக்கும் படிக்க வேண்டிய நேரம் வேறு. ஓராகுயிக்கில் 20 நிமிடம் கழித்துப் படிக்க வேண்டும், 40 நிமிடத்துக்கு மேல் படிக்கக் கூடாது. மைலான் பெயரில் வரும் ரத்த கிட்டில் 15 நிமிடம், 20-ஐத் தாண்டக் கூடாது. இன்ஸ்டி உடனே காட்டிவிடும், ஒரு மணி நேரத்துக்குள் படித்தாக வேண்டும். அதில் கோட்டுக்குப் பதில் புள்ளிகள். உங்கள் கிட் வேறு என்றால் அதன் தாளில் என்ன இருக்கிறதோ அதுதான் கணக்கு. யூடியூபில் வேறொரு கிட்டுக்குச் சொன்ன நேரத்தை இதற்கு வைத்துப் பார்க்காதீர்கள்.

சீக்கிரம் பார்த்தால் திரவம் இன்னும் ஏறிக்கொண்டிருக்கும், வர வேண்டிய கோடு வந்திருக்காது. தாமதமாகப் பார்த்தால் பட்டை காய ஆரம்பித்திருக்கும், காய்ந்த இடத்தில் கறை மாதிரி ஒன்று தெரியலாம். இரவு டெஸ்ட் செய்து நெகட்டிவ் என்று குப்பையில் போட்டுவிட்டு, காலையில் அதை எடுத்துப் பார்த்து லேசாக ஏதோ தெரிகிறது என்று கலங்குகிறவர்கள் உண்டு. அந்தக் காலைக் கோட்டுக்கு எந்த மதிப்பும் இல்லை, படித்த நேரத்தில் தெரிந்ததுதான் முடிவு. ஆனால் உரிய நேரத்தில் நீங்கள் பார்க்கவே இல்லை, தூங்கிவிட்டீர்கள் என்றால் அது நெகட்டிவ் ஆகிவிடாது. அந்த டெஸ்ட் வீண். மறுபடி செய்ய வேண்டியதுதான்.

மங்கலான கோட்டை எப்படிப் படிப்பது

'சி' நன்றாக இருக்கிறது, நேரமும் சரி, 'டி' இடத்தில் மட்டும் இருக்கா இல்லையா என்பதுபோல ஒன்று. பெரும்பாலானோர் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

முதலில் வெளிச்சத்தைச் சரி செய்யுங்கள். மஞ்சள் பல்பு வேண்டாம். பகல் என்றால் ஜன்னல் ஓரம், இரவு என்றால் வெள்ளை டியூப்லைட்டுக்குக் கீழே. மொபைல் டார்ச்சைச் சாய்த்து அடித்தால் பட்டையில் உள்ள சின்னப் பள்ளம்கூட நிழல் விழுந்து கோடு மாதிரி காட்டும், எனவே டார்ச் வேண்டாம். கண்ணாடி போடுகிறவர் என்றால் போட்டுக்கொண்டு பாருங்கள். போட்டோவில் கான்ட்ராஸ்ட்டைக் கூட்டி, பெரிதாக்கிப் பார்க்கும் வேலையையும் விடுங்கள். அப்படிக் கூட்டினால் வெறும் பட்டையிலும் கோடு தெரியும்.

இப்போது நிறம் இருக்கிறதா என்று பாருங்கள். 'சி' கோட்டின் நிறக் குடும்பத்தைச் சேர்ந்த நிறம் 'டி' இடத்தில் இருந்தால், அதாவது இளஞ்சிவப்போ ஊதாவோ எவ்வளவு வெளிறி இருந்தாலும், அது கோடுதான். சாம்பல் நிறமாக, நிறமே இல்லாமல், சாய்த்தால் மறைந்து நேராக வைத்தால் தெரிவதாக இருந்தால் அது பட்டையின் தடமாக இருக்க வாய்ப்பு அதிகம். பின்புலம் முழுக்க இளஞ்சிவப்பாகப் படர்ந்து கோடு தனியாகப் பிரியவில்லை என்றால், அனுமதித்த கடைசி நிமிடம் வரை பொறுத்துப் பாருங்கள். பல நேரம் வெளுத்துவிடும். அதற்குள் வெளுக்கவில்லை என்றால் படிக்க முடியாத டெஸ்ட், செல்லாததாகவே எடுத்துக்கொள்ளுங்கள். கோடு பாதி அகலத்துக்கு மட்டும் வந்திருக்கிறது, அல்லது நடுவில் அறுந்திருக்கிறது என்றால்? கிட் தாளில் முழுக் கோடு என்று எழுதியிருக்கலாம். இருந்தாலும் அதை நெகட்டிவ் பக்கம் தள்ளாதீர்கள்.

ஆக, நிறமுள்ள மங்கல் கோடு ரியாக்டிவ்தான், அதாவது கோடு வந்துவிட்டது, இனி உறுதிப்படுத்த வேண்டும். லேசான பாசிட்டிவ் என்று தனியாக ஒன்று கிடையாது. கோடு எவ்வளவு அழுத்தமாக இருக்கிறது என்பதை வைத்து உடலில் எவ்வளவு கிருமி இருக்கிறது, தொற்றி எவ்வளவு நாளாகிறது என்றெல்லாம் கணிக்கவும் முடியாது. தொற்றின் ஆரம்ப வாரங்களில் ஆன்டிபாடி குறைவாக இருப்பதால் கோடு மங்கலாக வரலாம். சாம்பிள் குறைவாக இருந்தாலும் வரலாம். எச்.ஐ.வி.யே இல்லாமல், வேறு காரணத்துக்காக உடலில் உண்டான ஆன்டிபாடி தவறுதலாக அங்கே ஒட்டிக்கொண்டாலும் வரலாம். இந்த மூன்றில் எது என்று அந்தப் பட்டையைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது, லேப் ஆட்களாலும் முடியாது.

எனவே கோடு நிஜமா பிரமையா என்று அரை மணி நேரம் வாதாடுவதில் பயன் இல்லை. இருக்கிற மாதிரி இருந்தால் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு உறுதிப்படுத்தும் பரிசோதனைக்குப் போங்கள். அதே கிட்டை மூன்று நான்கு முறை செய்து, இரண்டுக்கு இரண்டு என்று வந்தால் எதை நம்புவீர்கள்?

இணையத்தில் விலை குறைவாகக் கிடைக்கும் ரத்த கிட்களில் சில, லேப் பயன்பாட்டுக்கென்று அட்டையிலேயே அச்சிட்டு வருபவை. அவற்றில் 'சி' தவிர 1, 2 என்று இரண்டு இடங்கள் இருக்கலாம். எச்.ஐ.வி.-1, எச்.ஐ.வி.-2 என்ற இரண்டு வகைகளுக்கானவை அவை. இரண்டில் எதில் கோடு வந்தாலும் ரியாக்டிவ். இரண்டிலும் வந்தால் இரண்டு தொற்றும் இருப்பதாக அர்த்தம் இல்லை, ஒன்றுக்கான ஆன்டிபாடி மற்றதிலும் ஒட்டுவது சகஜம். எச்.ஐ.வி.-2-க்கு சில மருந்துகள் வேலை செய்யாது என்பதால் எது என்று லேப்பில் பிரித்துப் பார்ப்பது அவசியம்.

ரியாக்டிவ் என்றால் எவ்வளவு நம்பலாம்?

ஒரு கணக்கு. இந்தியாவில் வயது வந்தோரில் எச்.ஐ.வி. உள்ளவர்கள் சுமார் 0.2 சதவீதம். பொது மக்களில் 10,000 பேர் டெஸ்ட் செய்தால் 20 பேருக்குத் தொற்று இருக்கும். கிட் தொற்று இல்லாத 1,000 பேரில் 2 பேருக்குத் தவறாகக் கோடு காட்டும் என்று வைத்துக்கொள்வோம். மீதி 9,980 பேரில் ஏறக்குறைய 20 பேருக்கு வீணாகக் கோடு வரும். மொத்தம் 40 கோடுகள், அதில் பாதி பொய்.

அதே கிட்டை, நூற்றில் 5 பேருக்குத் தொற்று இருக்கும் ஒரு குழுவில் 10,000 பேருக்குக் கொடுத்தால் 500 உண்மையான கோடுகள், 19 பொய். கிட் மாறவில்லை, கோட்டின் அர்த்தம் மாறிவிட்டது. உங்கள் வாழ்க்கையில் ஆபத்தான தொடர்பு ஏதும் இல்லாமல் கோடு வந்திருந்தால் பொய்யாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. ஆணுறை இல்லாத உறவு, ஊசி பகிர்வு என்று காரணம் இருந்தால் அந்த நம்பிக்கையை வைத்துக் காலம் கடத்தக் கூடாது. இரண்டு பேருக்குமே அடுத்து போக வேண்டிய இடம் ஒன்றுதான்.

ஒரே கோடு, ஆனால் மனசு கேட்கவில்லை

மங்கல் கோட்டுக்குப் பயப்படுகிற அளவுக்கு இதற்கு யாரும் பயப்படுவதில்லை. என் கணிப்பில் உண்மையான குழப்பம் இங்கேதான் ஒளிந்திருக்கிறது. ஓராகுயிக் கிட்டை அமெரிக்கா 2012-ல் வீட்டு உபயோகத்துக்கு அனுமதித்தபோது வெளியிட்ட எண்களைப் பாருங்கள்: தொற்று இல்லாத 5,000 பேரில் ஒருவருக்குப் பொய்யான பாசிட்டிவ் வரலாம், தொற்று உள்ள 12 பேரில் ஒருவருக்குப் பொய்யான நெகட்டிவ் வரலாம். இரண்டாவது எண்தான் கவலைக்குரியது.

அப்படித் தவறுவதற்கு ஒரு காரணம் விண்டோ பீரியட். கிருமி உள்ளே வந்த நாளிலிருந்து, கிட் பிடிக்கும் அளவுக்கு ஆன்டிபாடி உருவாகும் வரை உள்ள இடைவெளி இது. ஆன்டிபாடி மட்டும் தேடும் கிட்களுக்கு இது 23 முதல் 90 நாள். கையிலிருந்து ரத்தம் எடுத்து லேப்பில் செய்யும் நான்காம் தலைமுறை டெஸ்ட், பி24 என்ற கிருமிப் புரதத்தையும் சேர்த்துத் தேடுவதால் 18 முதல் 45 நாளில் காட்டிவிடும். கிருமியின் மரபணுவையே தேடும் டெஸ்டுக்கு 10 முதல் 33 நாள்.

காலண்டரை எடுத்து, கடைசியாக ஆபத்து நேர்ந்த நாளைக் குறியுங்கள். முதல் நாள் இல்லை, கடைசி நாள். அதிலிருந்து 90 நாள் ஆகவில்லை என்றால் இன்றைய ஒற்றைக் கோடு ஒரு இடைக்கால பதில். லேப்பில் நான்காம் தலைமுறை டெஸ்ட் செய்துவிட்டு, 90 நாள் முடிந்ததும் இன்னொரு முறை பாருங்கள். நடுவில் புதிதாக ஆபத்து நேர்ந்தால் கணக்கு மறுபடி முதலிலிருந்து. காய்ச்சல், தொண்டை வலி, உடம்பில் தடிப்பு, கழுத்தில் நெறிகட்டுதல் எல்லாம் சேர்ந்து இரண்டு மூன்று வாரத்தில் வந்திருந்தால் டாக்டரிடம் தேதியைச் சொல்லி மரபணு டெஸ்ட் வேண்டுமா என்று கேளுங்கள். இவை சாதாரண வைரஸ் காய்ச்சலிலும் வரும் என்பதால் அறிகுறியை வைத்து நீங்களே முடிவு செய்ய முடியாது.

ஆபத்து நடந்து 72 மணி நேரம் ஆகவில்லை என்றால் கிட்டைத் தள்ளி வையுங்கள். அது இப்போது எதையும் சொல்லாது. ஓட வேண்டியது மருத்துவமனைக்கு. ஆபத்து நேர்ந்த பின் தொற்றைத் தடுக்கத் தரும் மருந்து 28 நாள் சாப்பிட வேண்டியது, எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. 72 மணி தாண்டினால் தர மாட்டார்கள்.

ஈறுத் துடைப்பு கிட்டில் செய்முறைப் பிழையும் உண்டு. சாப்பிட்டு, குடித்து 15 நிமிடம், பல் தேய்த்தோ மவுத்வாஷ் போட்டோ அரை மணி நேரம் விட வேண்டும். வெற்றிலை, பாக்கு போடுகிறவர்கள் வாயைச் சுத்தம் செய்துவிட்டு இன்னும் கூடுதலாகவே பொறுக்கலாம். மேல் ஈறில் ஒரு முறை, கீழ் ஈறில் ஒரு முறை. நாக்கிலும் மேலண்ணத்திலும் தேய்க்க வேண்டாம்.

இந்த கிட் யாருக்குச் சரிவராது

ஏற்கெனவே எச்.ஐ.வி. உறுதியாகி, கிருமியைக் கட்டுப்படுத்தும் ஏ.ஆர்.டி. மாத்திரை சாப்பிடுகிறவர்கள் குணமாகிவிட்டதா என்று பார்க்க இதைச் செய்யக் கூடாது. நீண்ட நாள் மருந்தில் இருப்பவருக்குக் கோடு மங்கலாகலாம், வராமலும் போகலாம். அதை நம்பி மாத்திரையை நிறுத்தினால் கிருமி திரும்பப் பெருகும். தொற்றைத் தடுக்க முன்கூட்டியே மருந்து எடுப்பவர்களுக்கும் முடிவு தாமதமாகலாம், அவர்கள் மருந்து தரும் மையத்தில்தான் பரிசோதிக்க வேண்டும். 18 மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு அம்மாவின் ஆன்டிபாடியே ரத்தத்தில் இருக்கும் என்பதால் இந்த கிட் பயன்படாது. எச்.ஐ.வி. தடுப்பூசி ஆய்வில் பங்கெடுத்தவர்களுக்குத் தொற்றே இல்லாமல் பாசிட்டிவ் வரலாம்.

எங்கே போவது, என்ன நடக்கும்

தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனைகளில் இருக்கும் 'நம்பிக்கை மையம்' என்ற பலகையைத் தேடுங்கள். டெஸ்ட் இலவசம். எங்கே இருக்கிறது என்று தெரியாவிட்டால் 1097 என்ற கட்டணமில்லா எண்ணுக்குக் கூப்பிட்டுக் கேட்கலாம், தமிழிலேயே பேசலாம்.

உள்ளே முதலில் ஆலோசகர் தனியாகப் பேசுவார். வீட்டில் டெஸ்ட் செய்து மங்கலாக வந்தது என்பதை மறைக்காமல் சொல்லுங்கள், போட்டோவையும் காட்டலாம். கிட் பெயர், சாம்பிள் போட்ட நேரம், கடைசியாக ஆபத்து நேர்ந்த தேதி, சாப்பிடும் மருந்துகள், இந்த நான்கும் தெரிந்தால் அவருக்கு வேலை சுலபம். உங்கள் சம்மதம் வாங்கிய பிறகுதான் ரத்தம் எடுப்பார்கள். முதல் டெஸ்ட் ரியாக்டிவ் என்றால் அதே ரத்தத்தில் வேறு வேறு விதமாக வேலை செய்யும் கிட்களை வைத்து அடுத்தடுத்துப் பார்ப்பார்கள். அறிகுறி இல்லாத ஒருவருக்கு மூன்றும் ஒத்துப்போனால்தான் பாசிட்டிவ் என்று எழுதுவார்கள். ஒரு கிட் ஏமாறுகிற காரணத்தால் அடுத்ததும் ஏமாறுவது அபூர்வம் என்பதால்தான் இந்த ஏற்பாடு.

அங்கேயும் முடிவு தெளிவில்லாமல் போகலாம். அப்போது இரண்டு முதல் நான்கு வாரம் கழித்து மறுபடி வரச் சொல்வார்கள். புதிய தொற்று என்றால் அதற்குள் ஆன்டிபாடி கூடி, எல்லா கிட்டிலும் தெளிவாகத் தெரியும். பொய்க் கோடு என்றால் பெரும்பாலும் அப்படியே நிற்கும், இல்லை மறையும்.

தனியார் லேப்புக்குப் போனால் ரிப்போர்ட்டில் ஒரு எண் வரும், பொதுவாக 1-ஐத் தொட்டாலே ரியாக்டிவ் என்று அடித்துவிடுவார்கள். 1.3 என்பதும் 200 என்பதும் ஒரே வார்த்தையில் வரும், ஆனால் இரண்டும் ஒரே மாதிரி இல்லை. 1-ஐ ஒட்டிய எண்கள் பல நேரம் பொய்யாகப் போகும். இருந்தாலும் எண்ணைப் பார்த்து நீங்களே தீர்ப்பு எழுதாமல் அந்த ரிப்போர்ட்டோடு நம்பிக்கை மையத்துக்குப் போங்கள்.

ஊரில் தெரிந்துவிடுமோ என்ற பயம் நியாயமானதுதான். எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம் 2017-ல் நிறைவேறி, 2018 செப்டம்பர் 10-ல் அமலுக்கு வந்தது. சம்மதம் இல்லாமல் பரிசோதிப்பதும், முடிவை வெளியில் சொல்வதும், வேலையிலோ சிகிச்சையிலோ பாகுபாடு காட்டுவதும் அதன்படி தவறு. உள்ளூர் மருத்துவமனைக்குப் போகத் தயக்கம் என்றால் பக்கத்து மாவட்டத்தில் போய்ப் பாருங்கள்.

இலங்கையில் இருப்பவர்கள் அரசின் பாலியல் நோய் சிகிச்சை நிலையங்களில் இலவசமாக உறுதிப்படுத்திக்கொள்ளலாம்.

ரிசல்ட் வரும் வரை

உறவில் ஆணுறை கட்டாயம். ஊசி, பிளேடு பகிர வேண்டாம். ரத்த தானம் செய்யக் கூடாது. 'ரத்தம் கொடுத்தால் அவர்களே பார்த்துச் சொல்வார்கள்' என்று பிளட் பேங்க்குப் போவது, விண்டோ பீரியடில் இருக்கும் ரத்தம் இன்னொருவர் உடம்பில் ஏறக் காரணமாகலாம். கர்ப்பமாக இருந்தாலோ தாய்ப்பால் கொடுத்தாலோ ஒரு நாளும் தள்ளிப்போடாமல் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். தொற்று இருந்தாலும் உடனே மருந்து தொடங்கினால் குழந்தைக்குப் போகாமல் பெரும்பாலும் தடுத்துவிடலாம்.

துணையிடம் இப்போதே சொல்ல வேண்டுமா என்பது அவரவர் சூழ்நிலை. சொன்னால் அடி உதை விழும் என்ற நிலையில் இருப்பவர்கள் உறுதியான முடிவு வரும் வரை சொல்லாமல் ஆணுறையோடு நிறுத்திக்கொள்ளலாம், எப்படிச் சொல்வது என்பதை ஆலோசகரோடு பேசிவிட்டுச் செய்யலாம். துணையும் டெஸ்ட் செய்துகொள்ள வேண்டியிருக்கும். அவருக்கு நெகட்டிவ் வந்தால் உங்களுக்கும் நெகட்டிவ் என்று அர்த்தம் இல்லை.

இரவில் தூக்கம் வராமல் உட்கார்ந்திருந்தால் 1097-க்குப் பேசுங்கள். உறுதியாகப் பாசிட்டிவ் என்றே வந்தாலும் ஏ.ஆர்.டி. மருந்து அரசு மையங்களில் இலவசம். தினமும் ஒழுங்காகச் சாப்பிட்டு ரத்தத்தில் கிருமி கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் குறைந்து, அப்படியே நீடித்தால் உறவு மூலம் துணைக்குப் பரவாது. பயன்படுத்திய ஊசியையும் கிட்டையும் ஒரு கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு மூடி, குப்பை எடுப்பவர் கையில் குத்தாதபடி அப்புறப்படுத்துங்கள். போட்டோவும் எழுதிய தாளும் உங்களிடம் இருக்கட்டும், நாளை ஆலோசகர் கேட்பார்.